ஜபல்பூர் சவரம்

கல்யாணமான நாளிலிருந்து சென்னியப்பன் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. அவரைக் கேட்டால் அமுதவல்லி சொல்லுவாள். எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டர் கேட்டாலும் சரி, விருந்து வீட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டாலும் சரி, அவர் வாயைத் திறப்பதற்குள் பதில் போய்ச் சேர்ந்திருக்கும். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ரிக் வண்டியோடு வடநாடெல்லாம் சுற்றி ஆழ்துளைக் கிணறு போட்ட மனுஷன். கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே தொண்டை போய்விட்டது. வீட்டிலாவது சும்மா இருப்போம் என்று இருந்துவிட்டார்.

அன்றைக்கு சேலம் ஃபேர்லேண்ட்ஸில், நுரையீரல் டாக்டர் அறிவுமதியின் அறையிலும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். காலையில் பரமத்தி வேலூரில் பஸ் படி ஏறுவதற்குள் அவருக்கு இளைத்த இளைப்பில், பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்து முன்படிக்கு ஓடிவிட்டார்கள்.

"என்ன தொந்தரவு?" என்று டாக்டர் அவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குதுங்க. காலு வீங்குதுங்க," என்றாள் அமுதவல்லி. "ஆனா பி.பி. நல்லா இருக்குதுங்க. ஊர்ல ஒரு மெடிக்கல் பாக்கியில்லாம பாத்தாச்சு."

டாக்டர் எக்கோ ரிப்போர்ட்டைத் திருப்பினார். "கையில பாக்கற பி.பி. வேறம்மா. இவருக்கு இருதயத்துல இருந்து நுரையீரலுக்குப் போற ரத்தக் குழாய்ல அழுத்தம் ஏறியிருக்கு. குழாயெல்லாம் தடிச்சுச் சுருங்கிப்போச்சு. இருதயம் முக்கி முக்கித் தள்ளிக்கிட்டு இருக்கு."

சென்னியப்பனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஹோஸ் அடைத்துக்கொண்டால் கம்ப்ரசர் எப்படி உறுமும் என்று அவருக்குத் தெரியும். அப்படியே ஓட்டினால் அது என்ன கதிக்கு ஆளாகும் என்பதும் தெரியும்.

"எதனால ஆச்சுன்னு தெரியணும். வேற ஏதாச்சும் வியாதி இருக்கா?"

"எச்.ஐ.வி. இருக்குதுங்க," என்றாள் அமுதவல்லி, சர்க்கரை இருக்கிறது என்று சொல்வதைப் போல. "மாத்திரை ஒரு வேளை தப்பாதுங்க. கிருமி அடங்கித்தான் இருக்குது. எனக்கு இல்லீங்க, வருஷா வருஷம் பாத்துக்கறேன்."

"எப்படி வந்துச்சு?"

"ஜபல்பூர்ல சவரம் பண்ணிக்கிட்டாருங்க. பழைய பிளேடு."

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால், ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று, அவர் அவசரத்தில் இட்டுக்கட்டிய கதை அது. அமுதவல்லி மறுபேச்சில்லாமல் நம்பிவிட்டாள். நம்பியதோடு விட்டாளா? அன்றுமுதல் அவரைத் தனியாகச் சலூனுக்கு அனுப்பியதே இல்லை. புது பிளேடு பாக்கெட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கூடவே வருவாள். ஜீவா சலூனில் ஆம்பளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பிளேடைத் தன் கையாலேயே பிரித்துக் கொடுப்பாள். சீப்பைக் கழுவச் சொல்லுவாள், கழுவினால் இன்னொருமுறை கழுவச் சொல்லுவாள். ஊரே சிரித்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று சென்னியப்பன் முகமெல்லாம் நுரையோடு கண்ணை மூடிக்கொள்வார். அத்தனை ஊரில் பூமியைத் துளைத்தவருக்கு அந்த உதவிகூடக் கிடைக்கவில்லை.

நடந்தது வேறு. இரவு பகலாக ரிக் ஓடிய நாட்களில், உடம்பு வலி தெரியாமலிருக்க, உடனிருந்தவர்கள் போதை மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே ஊசி. அவரும் கையை நீட்டினார். முடிவு வந்த அன்றே பயந்துபோய் விட்டுவிட்டார். ஆனால் விட்டதைப் பெருமையாகச் சொல்ல வேண்டுமென்றால் பிடித்ததையும் சொல்லியாக வேண்டுமே.

"பிளேடுல வர்றது ரொம்ப அபூர்வம்மா," என்றார் டாக்டர். "போதை ஊசி, அந்த மாதிரி ஏதாவது?"

"டீயவே ஆத்தித்தாங்க குடிப்பாரு."

"அவர் சொல்லட்டும். இந்த வைரஸும் குழாயைக் கெடுக்கும். மாத்திரையைக் கரைச்சு ஊசி போட்டா அதுல இருக்கற தூளும் போய்க் குழாயை அடைக்கும். ரெண்டும் சேர்ந்திருந்தா நான் பண்ண வேண்டிய வைத்தியமே வேற. தெரியாம மருந்து குடுத்தா இருக்கற மூச்சும் போயிடும்."

சென்னியப்பன் வழக்கம்போல அமுதவல்லி பதில் சொல்லக் காத்திருந்தார். அவளோ கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பதில் வருவதாகத் தெரியவில்லை.

"ஊசிதாங்க," என்றார். குரல் யாருடையதோ போலிருந்தது. "சவரமெல்லாம் இல்லீங்க. மாத்திரையக் கரைச்சு, நாலஞ்சு பேரு ஒரே ஊசியில போட்டோம். விட்டு எட்டு வருஷமாச்சுங்க." சொல்லி முடிப்பதற்குள் மலை ஏறியவரைப் போல இளைத்துப்போனார். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"சொன்னது நல்லதாப் போச்சு," என்று டாக்டர் ஸ்கேனுக்கு எழுதினார். "மருந்து இருக்கு. பயப்படாதீங்க, பாத்துக்கலாம்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் அமுதவல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. சென்னியப்பனுக்கு வியாதியைவிட அதுதான் பயமாக இருந்தது.

"ஏ புள்ள..."

"எனக்குத் தெரியுமுங்க."

"எப்ப?"

"அன்னைக்கேதானுங்க. பிளேடுல அப்படியெல்லாம் வராதுன்னு ரிசல்ட் குடுத்தவங்களே சொன்னாங்க. ஊட்டுக்கு வந்து, நீங்க தூங்கறப்ப கையப் பாத்தேன். ஊசித் தழும்பு இருந்துச்சு."

"அப்பறம் எதுக்கு இத்தன வருஷமா அந்தப் பிளேடு?"

"பொய் சொன்னீங்கல்ல, அனுபவிங்கன்னுதான்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஒவ்வொரு தடவ பிரிக்கறப்பவும், இன்னைக்காச்சும் உண்மையச் சொல்லிருவீங்கன்னு பாப்பனுங்க."

சென்னியப்பனுக்கு அழுகை முட்டியது. அழவும் மூச்சு பத்தவில்லை.

"இன்னைக்கும் சொல்லாம இருந்திருந்தா?"

"நானே சொல்லியிருப்பேன். உசுரோட வெளையாடுவனா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த பிளேடு பாக்கெட்டை அவர் சட்டைப் பையில் போட்டாள். "இனிமே சலூனுக்கு நீங்களே போயிட்டு வாங்க."

எட்டு வருஷமாக அவர் வேண்டாத சாமியில்லை, இந்த விடுதலைக்கு. பாக்கெட்டை எடுத்துப் பார்த்தார். திரும்ப அவள் பையிலேயே வைத்தார்.

"நீயும் வா, புள்ள. தனியாப் போனா மூச்சு வாங்குது."

அமுதவல்லி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வாரனுங்க," என்றாள். "ஆனா சீப்பக் கழுவச் சொல்லுவேன், பாத்துக்கங்க."