வளைவைத் தாண்டிய தண்ணீர்

என் வீட்டுக்காரர் தண்ணீரை அளப்பவர். நான் அதைக் கணக்கில் பிடிப்பவள். ஒரே ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கீழ்த்தளம், எனக்கு மேல்தளம். அங்கே அவருக்கு 'தண்ணிப் பார்ட்டி' என்று பேர். மதுவை ஒரு சொட்டுகூடத் தொடாத மனுஷன்.

குழாயில் வேகமாகப் போகும் தண்ணீர் வளைவில் திரும்பினால் கொந்தளிக்கும். பெரிய சுழி உடைந்து சின்னச் சுழிகளாகும், அவை இன்னும் பொடியாகி அடங்கும். ஒவ்வொரு சுழியையும் கணக்குப் போட எந்தக் கணினிக்கும் ஆயுசு போதாது. அதனால் மொத்தமாக ஊகிக்கும் சூத்திரம் ஒன்றை எழுதி, அது சரியா என்று நிஜத் தண்ணீரிடம் கேட்போம். இரண்டு வருடம் கேட்டேன். வளைவைத் தாண்டியதும் என் சூத்திரம் ஒவ்வொரு முறையும் மண்ணைக் கவ்வியது. வீட்டில் நான் சிடுசிடுவென்று அலைந்ததை மறுக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் அவர் புது அளவுகளைக் கொண்டுவந்தார். வரைபடத்தில் என் கோட்டின் மேலேயே அவருடைய புள்ளிகள் வந்து உட்கார்ந்தன.

"பார்த்தியா? தண்ணியே உன் பேச்சைக் கேக்குது. நான் எம்மாத்திரம்?" என்றார்.

அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.

நகரத்தின் நீரேற்று நிலையத்துப் பெரிய குழாயை என் சூத்திரத்தை நம்பித்தான் வடிவமைத்தார்கள். சுழியின் பலத்தைத் தப்பாகப் போட்டால் குழாய் அதிர்ந்தே விரிசல் விடும். நாளை வேலை தொடக்கம். இன்று மாலைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அறிக்கையின் பின்னிணைப்புக்கு மூல அளவுகள் தேவைப்பட்டன. அதுவரை வீட்டுக்காரர் சராசரியை மட்டும் தருவார், நானும் வாங்கிக்கொள்வேன். தாலி கட்டினவரிடம் போய் ஆதாரமா கேட்பது? அவர் சாப்பிடப் போயிருந்ததால் நானே கோப்பைத் திறந்தேன்.

நிஜத் தண்ணீரின் வேகம் ஏறி இறங்கி ஆடும். அதில் மெதுவான ஆட்டம் பலமாக இருக்கும். விரைவான ஆட்டம் பொடிச் சுழிகளுடையது, அதற்கு வலு குறைவு. இந்தக் கோப்பில் எல்லா ஆட்டமும் ஒரே பலம். எந்தத் தண்ணீரும் அப்படி ஓடாது. என் விடையையே எடுத்து, கணினியை விட்டுக் கொஞ்சம் கலைத்து, அளவு என்று என்னிடமே நீட்டியிருக்கிறார்.

கீழே இறங்கிப் போய்ச் சோதனைக் குழாயின் மூடியைத் திறந்தேன். உள்ளே காய்ந்துகிடந்தது. அடியில் வெள்ளைப் படிவு.

அவர் வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எதுக்கு?" என்றேன்.

"எத்தனை தடவை அளந்தாலும் ஒத்து வரலை. நீ சிரிச்சே அப்ப ரெண்டு வருஷமாகியிருந்துச்சு. ஒரு தடவையாவது சிரிக்கட்டுமேன்னுதான்... இதை வெச்சு அவங்க குழாய் கட்டுவாங்கன்னு அப்ப தெரியாது."

"தெரிஞ்ச பிறகு?"

அவர் குனிந்து குழாயின் மூடியைத் திரும்ப மூடினார்.

"ஊர்ல எவனாவது ஏமாத்தியிருந்தா தாங்கியிருப்பேன். நீங்க, நான் அழுததைப் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டு..."

கழுத்தறுத்தவரின் தோளிலேயே சாய்ந்திருக்கிறேன் என்று நினைக்கையில் உடம்பெல்லாம் கூசியது.

நீரேற்று நிலையப் பொறியாளருக்குப் போன் போட்டேன்.

"வேலையை நிறுத்துங்க சார். என் சூத்திரத்தை நம்ப முடியாது."

பொறியாளர் கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவர் கேட்டார், "கணக்குல தப்பா, அளவுல தப்பா?"

எதிரே நின்றவர் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"அளந்தவர் இங்கதான் இருக்கார் சார். அவரே சொல்லட்டும்," என்று போனை அவர் கையில் கொடுத்தேன்.