வராதுன்னு ஒரு வார்த்தை

தெருவில் அவளுக்குப் பெயர் பூகம்பம். வைத்தது மூலைக் கடைக்காரர்தான் என்று அவளுக்குச் சந்தேகம், ஆனால் நிரூபிக்க முடியவில்லை. நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் வேலை பார்க்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? "பூகம்பம் வந்துடுச்சு, அரைக் கிலோ சர்க்கரை கட்டு" என்று அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தால், கடைக்குப் புதிதாக வந்தவர்கள் ஒரு கணம் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. பொட்டலத்தை நீட்டிக்கொண்டே அவர் கேட்கிற கேள்விதான் இன்னும் பழகவில்லை.

"அடுத்தது எப்போம்மா?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீஸ், அதுக்கு ஒரு காம்பவுண்டு சுவர்!" என்று அவர் சிரிப்பார். அவளும் சிரித்துவிட்டு வந்துவிடுவாள். வேறு என்ன செய்ய?

நிலையம் ஊருக்கு வெளியே ஒரு பாறை மேல் இருந்தது. பாறைக்குள் வெட்டிய குழியில் கருவி. மேலே ஒரு அறை, இரண்டு திரைகள், ஆறு மணி நேரத்துக்கு ஒருவர் என்று ஆள் மாற்றி ஆள். நாள் முழுக்கத் திரையில் கோடு ஓடும். கல் குவாரியில் வெடி வைத்தால் ஒரு மாதிரி துள்ளும், சரக்கு ரயில் போனால் வேறு மாதிரி. நிஜமாகவே பூமி அசைந்தால் முதலில் சின்னதாக ஒரு உதறல், கொஞ்சம் பொறுத்துப் பெரிதாக ஒன்று. இரண்டும் எந்த நொடியில் வந்தன என்று குறித்துத் தலைமை நிலையத்துக்கு அனுப்புவதுதான் அவள் வேலை. வந்த பிறகுதான் அவளுக்கே தெரியும். வருமுன் சொல்ல அந்த அறையில் ஒன்றுமே இல்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் ஊர் நம்பாது. அவள் என்னமோ மடியில் மறைத்து வைத்திருக்கிறாள் என்றுதான் நினைக்கும்.

ஊர் நம்பாவிட்டால் போகட்டும். அக்காவே நம்பவில்லை என்பதுதான் அவளுக்கு வலித்தது.

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஒரு வருஷமாக ரத்தம் போய்ப் போய் முகம் வெளுத்து, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி உடம்பை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, வரும் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டரம்மா நாள் குறித்திருந்தார். தவறவிட்டால் அடுத்த இடம் இரண்டு மாசம் கழித்துத்தான். "அதுவரைக்கும் இந்த ரத்தம் தாங்காது" என்று முகத்துக்கு நேரே சொல்லியும் இருந்தார்.

அந்த வியாழக்கிழமைதான் பூகம்பம் வரும் என்று தேதிக்காரர் சொல்லிவிட்டார்.

தேதிக்காரரை யாரும் நேரில் பார்த்ததில்லை. வானத்தில் மேகம் எப்படிக் கீறியிருக்கிறது என்று படம் எடுத்து, அதில் சிவப்பு அம்பு போட்டு, ஒரு தேதியும் எழுதி எல்லோர் செல்போனுக்கும் அனுப்புகிறவர். தேதிக்கு முன்னே மூன்று நாள், பின்னே மூன்று நாள் என்று தனக்கும் கொஞ்சம் இடம் விட்டுக்கொள்வார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. செய்திக்குக் கடைசியில் "எல்லோரும் பத்திரமாக இருங்கள்" என்று எழுதுவார். அந்த ஒரு வரிக்காகவே அக்காவுக்கு அவரைப் பிடிக்கும்.

திங்கட்கிழமை வேலை முடிந்து அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அத்தான் வலது காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்து, அச்சகத்திலிருந்து கொண்டுவந்த தாள்களில் பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

"நான் போகலடி. டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு" என்றாள் அக்கா. "நாலாவது மாடில வயித்தைத் திறந்து போட்டுட்டுக் கிடப்பேன். அப்போ ஆடினா? எல்லாரும் படியில இறங்கி ஓடுவாங்க. நான் எதைத் தூக்கிட்டு ஓடுறது?"

"அவர் சொல்றதெல்லாம் நடக்காதுக்கா."

"போன மாசம் நடந்துச்சே."

வாயால் சொல்லி இது ஆகாது என்று அவளுக்குப் புரிந்தது. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றினாள். அக்கா தலைக்குச் சாயம் போடுகிற நாளையெல்லாம் அதில் பென்சிலால் வட்டமிட்டு வைப்பாள். நரை விஷயத்தில் அவ்வளவு கறார். போன வருஷத்து நாள்காட்டியும் அதற்குப் பின்னாலேயே தொங்கியது. அதில் இருபது வட்டம். தேதிக்காரர் போன வருஷம் சொன்ன தேதிகளை அக்காவின் செல்போனிலிருந்தே தேடி எடுத்தாள், அதுவும் இருபதுதான். உண்மையில் ஆட்கள் உணர்கிற மாதிரி நிலம் அசைந்த பதினோரு நாளை நிலையத்துப் பட்டியலிலிருந்து படித்தாள். அத்தான் பேனாவோடு எழுந்து வந்தார். பிழை பார்க்கிற கை, சும்மா இருக்குமா? மூன்று நாள் முன்னே, மூன்று நாள் பின்னே என்று சாயத்துக்கும் அதே சலுகை கொடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்.

"பதினொண்ணுல தேதிக்காரர் பிடிச்சது நாலு. உன் தலைச்சாயம் அஞ்சு" என்று அறிவித்தார். "நாளைலேருந்து நீயே ஊருக்குச் செய்தி அனுப்பலாம்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அந்தச் சிரிப்பு. காரியம் முடிந்தது என்று தங்கை நினைத்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சரி, அவருக்குத் தெரியாது. ஒத்துக்கறேன். நீ படிச்சவ, கருவி முன்னாடியே உட்கார்ந்திருக்கிறவ. வியாழக்கிழமை வராதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் போய்ப் படுத்துக்கறேன்."

அவள் நாள்காட்டியைத் திரும்பச் சுவரில் மாட்டினாள்.

ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் அக்கா போவாள், கட்டி போகும், உயிர் பிழைக்கும். வியாழக்கிழமை பெரிதாக எதுவும் வராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவள் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் காலையில் நிலம் ஆடியது. தெருவே வெளியே வந்து நின்றது. அக்கா நிலையத்துக்குப் போன் செய்து, "இனிமே வராதே?" என்று கேட்டாள். குரலில் அவ்வளவு பயம். அக்காவைத் தேற்ற வேண்டும் என்கிற ஒரே நினைப்பில், கருவியை மறந்து, படிப்பை மறந்து, "வராதுக்கா, உள்ளே போங்க" என்று சொல்லிவிட்டாள். வேறு யார் கேட்டிருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். நிலையத்தில் வேலை பார்க்கிற தங்கச்சியே சொல்கிறாள் என்று அக்கா வீட்டார் மட்டும் உள்ளே போனார்கள். ஒரு மணி நேரத்தில் இன்னொன்று வந்தது, முதலாவதைவிடப் பெரிதாக. படுக்கையறை இரும்பு பீரோ சாய்ந்து அத்தானின் வலது காலில் விழுந்தது; அந்தக் கால் அதற்குப் பிறகு சரியாக மடங்கவே இல்லை. அத்தான் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மழைக்கு முன்னால் கால் குடைந்தால்கூட "நம்ம வீட்டுக் கருவி வேலை செய்யுது" என்று கிண்டலாகச் சொல்வாரே தவிர அவள் பக்கம் திரும்பமாட்டார். அதுதான் அவளை இன்னும் தின்றது.

"சொல்லுடி" என்றாள் அக்கா.

"சொல்லமாட்டேன்க்கா. எனக்குத் தெரியாது. அன்னிக்கும் தெரியாதுதான். தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். அந்தப் பாவம் ஒண்ணு போதும்."

அத்தான் பேனாவை மூடித் திறந்து மூடினார். ஐந்து வருஷமாக அந்த வீட்டில் பேசாமல் வைத்திருந்த விஷயம் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரைப் பிடிக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடு வயதுக்காரர், கையில் ஆறிப்போன டீ. சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "ஆபரேஷன் நடுவுல நிலம் ஆடினா என்ன செய்வீங்க?"

இதைக் கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை. அக்காவுக்கே கேட்கட்டும் என்று அவள் அக்காவை அழைத்துச் செல்போனை நீட்ட, அவர் அதிலேயே பேசினார். "அம்மா, எனக்கு இங்க மூணு தடவை அப்படி நடந்திருக்கு. வெட்டுறதை நிறுத்திருவோம். கையில இருக்கிறதைக் கீழ வச்சுட்டு, காயத்தைத் துணியால மூடிட்டு, எல்லாருமா உங்க மேல சாய்ஞ்சு கட்டிலைப் பிடிச்சுப்போம். சக்கரத்துக்குப் பூட்டு இருக்கு. கரண்ட் போனா பாட்டரி இருக்கு. யாரும் படி இறங்கமாட்டோம். இறங்கினதும் இல்ல."

"மூணு தடவையும் ஆளு பிழைச்சாங்களா?" என்றாள் அக்கா.

"மூணு பேரும் பிழைச்சாங்க. ஒருத்தர் இப்பவும் என்னைப் பார்த்தா டீ வாங்கிக் கொடுப்பார்" என்றார் டாக்டர், கையிலிருந்ததைப் பார்த்துக்கொண்டே.

சாயந்தரம் அவள் டிரில்லிங் மெஷினோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். பீரோவைச் சுவரோடு பிணைக்க வளைந்த இரும்புப் பட்டைகள் நாலு, ஒரு பொட்டலம் ஸ்குரூ. ஐந்து வருஷம் அந்த பீரோ அதே இடத்தில் அப்படியேதான் நின்றது. சுவரில் ஓட்டை போட அக்கா விட்டதே இல்லை. போன கால் திரும்பி வருமா என்று கேட்பாள். இன்றைக்கு அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், அவள் ஏறி நின்று சுவரைத் துளைத்தாள். சுண்ணாம்புத் தூள் அத்தானின் வழுக்கையில் கொட்டியது.

"இது எதுக்கு? வியாழக்கிழமை நான் இங்க இருக்கமாட்டேனே, ஆஸ்பத்திரிலதான் இருப்பேன்" என்றாள் அக்கா.

அவள் திரும்பவில்லை, திரும்பினால் அழுதுவிடுவோம் என்று பயம். "வெள்ளி, சனி எல்லாம் இருக்கேக்கா. எப்போன்னு தெரியாதவங்க எல்லா நாளைக்கும்தானே முடுக்கி வைக்கணும்" என்றாள்.

வியாழக்கிழமை எதுவும் வரவில்லை. இரண்டரை மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. கட்டி ஒரு தேங்காய் அளவு இருந்ததாக டாக்டரம்மா கையால் காட்டினார். தேதிக்காரர் மேகம் நகர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தார். அக்கா ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

அதற்கும் அடுத்த வாரம், புதன்கிழமை காலை பதினொன்றேகாலுக்குத் திரையில் கோடு உதறியது. குவாரி இல்லை, ரயில் இல்லை. எண்ணத் தொடங்கினாள். நான்கு எண்ணுவதற்குள் பெரியது வந்து, மேஜை, நாற்காலி எல்லாம் ஆடின, அவளும் ஆடினாள். தண்ணீர் பாட்டில் உருண்டு போயிற்று. நின்றதும் கை தானாகச் செல்போனுக்குப் போனது. ஆனால் முதல் பத்து நிமிஷம் வீட்டுக்குப் பேசக்கூடாது என்பது நிலையத்து விதி. நேரத்தைக் குறித்து அனுப்பிய பிறகுதான் எதுவும். குறித்தாள். அத்தான் அச்சகத்தில் இருப்பார். அக்கா தையல் போட்ட வயிற்றோடு தனியாக, அந்த பீரோவுக்குக் காலடியில் கட்டிலில். நாலு பட்டை, பதினாறு ஸ்குரூ. ஒன்று சரியாக ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்ததே, அதை மாற்றினோமா? மாற்றினோம். எழுத்து எழுத்தாகத் தட்டி அனுப்பிவிட்டு, செல்போனை எடுத்தாள்.

மூன்றாவது தடவை மணி அடித்தபோது அக்கா எடுத்தாள்.

"பீரோ விழலடி. முன்னாடி வந்து வந்து போச்சு, விழல. உள்ளே இருந்த புடவையெல்லாம் கொட்டிடுச்சு, அவ்வளவுதான்." பிறகு குரல் இறங்கியது. ஐந்து வருஷத்துக்கு முன்பு கேட்ட அதே குரல். "இன்னும் வருமா?"

"தெரியலக்கா."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் கட்டில் முனகுகிற சத்தம். செருப்பைத் தேடுகிற சத்தம்.

"சரி. உனக்கே தெரியலேன்னா நான் வெளியே போய் உட்கார்ந்துக்கறேன்" என்றாள் அக்கா. "தலகாணி ஒண்ணு எடுத்துக்கறேன், வயித்துல வச்சுக்க. எதிர்வீட்டுல நாற்காலி கேட்டா கொடுப்பாங்க. நீ வேலையைப் பாரு."

நாற்பது நிமிஷம் கழித்து இன்னொன்று வந்தது. அக்கா வீட்டுப் படுக்கையறையில் காற்றாடிக்கு மேலே இருந்த காரை பெயர்ந்து கட்டிலின் நடுவில் விழுந்தது. அக்கா அப்போது தெருவில் நாற்காலியில் இருந்தாள். மூலைக் கடைக்காரர் பக்கத்தில் நின்று, அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"தெரியாதுன்னு சொல்லிட்டா. அதான் வெளியே வந்து உட்கார்ந்திருக்கேன்" என்றாளாம் அக்கா.