பனியில் கூப்பிட்ட பெயர்

"மிதுசன்!" என்று ஜெரமி கத்தினான். பிரசாந்தன் திரும்பினான்.

திரும்பிய வேகத்திலேயே இடது கைக்கோலின் பற்களைப் பனியில் குத்தி உந்தினான். இரண்டு கத்திகளின் மேல் ஒரு இருக்கை, உட்கார்ந்து ஆடும் பனி ஹொக்கியில் லூஜ் என்று இங்கே சொல்லும் வண்டி அவ்வளவுதான். இடுப்பை வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கைக்கொன்றாக இரண்டு குட்டைக் கோல்களைப் பிடிக்க வேண்டும். ஒரு முனையில் தள்ளுவதற்குப் பல், மறுமுனையில் அடிப்பதற்கு வளைவு. கறுப்பு றப்பர் வட்டு வந்தது. அடித்தான். வெளியே போயிற்று. ஜெரமி சிரித்தபடி ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். ஓரத்து வாங்கில் சப்பாத்துப் போட்ட பொய்க்கால்கள் சாய்ந்து நின்றன. அவற்றில் இரண்டு அவனுடையவை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவன் தங்கை யசோதினி நின்றாள்.

அவன் இங்கே வருவது அவளுக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. பாரிஸ் லாச்சப்பலில் கைபேசி திருத்தும் கடையில் வேலை. ஞாயிறு காலையில் கால் வைத்தியத்துக்குப் போவதாகத்தான் முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தான். புறநகர் சார்செல்லில் இருப்பவளுக்கு இந்தத் திடலில் என்ன அலுவல்?

மூன்று வருடத்துக்கு முன் பயிற்சியாளர் பெர்னார் பெயர் கேட்டபோது அவன் வாயில் தம்பியின் பெயர் வந்தது. யோசிக்கவேயில்லை. வேறொருவரின் கடவுச்சீட்டில் வந்து இறங்கி, வேறொருவரின் வதிவிட அட்டையில் ஒபர்வில்லியே கிடங்கொன்றில் இருந்தபடி துணி தரம்பிரித்தவனுக்குச் சொந்தப் பெயர் கடைசியாகத்தான் ஞாபகம் வரும். விளையாடுகிறவன் என்று தெரிந்தால் ஊனமுற்றோருக்கான உதவிப்பணத்தை வெட்டிவிடுவார்கள் என்று கடைக்கு வந்த யாரோ வேறு சொல்லியிருந்தார்கள். ஆகவே தம்பியின் பெயர், தம்பியின் பிறந்த ஆண்டு. படம் எடுக்கும்போதெல்லாம் கழிப்பறைக்குப் போய்விடுவான். அடையாள அட்டையை எவரும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து, விளையாடுவதால் யாருக்கும் அந்தப் பணம் நின்றதில்லை என்று பெர்னார் தானாகவே சொன்னார். அன்றைக்கே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

கடைசிப் போரில் காலிரண்டும் போன அவனை இரண்டு நாள் முதுகில் சுமந்து வட்டுவாகல் பாலம்வரை கொண்டுவந்தவன் மிதுசன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இராணுவத்தினர் காயக்காரரை ஒரு வரிசையிலும் இளைஞர்களை இன்னொரு வரிசையிலும் விட்டார்கள். அந்த இன்னொரு வரிசை எங்கே போனதென்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெயரை மனுக்களில் எழுதினார்கள், வீட்டில் குரல் தாழ்த்திச் சொன்னார்கள். இங்கே மட்டும்தான் அதை உரத்துக் கூப்பிட்டார்கள். வட்டைத் தா என்று, உனக்குக் கண் தெரியாதா என்று, அடுத்த கிழமை பிந்தி வராதே என்று. உயிரோடிருக்கிற ஒருவனைத் திட்டுவது போல.

இடைவேளை விட்டதும் வாசல் பலகை ஓரமாக வண்டியை நிறுத்தினான். யசோதினி குந்தியிருந்தாள். அவன் முகத்துக்கு நேரே வர, யாரும் அப்படித்தான் குந்த வேண்டும்.

"ஆரை அண்ணை கூப்பிட்டவங்கள்?"

"என்னைத்தான்."

அவள் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். ஊரில் காணாமல் போனவர்களின் தாய்மார் அம்மாவோடு வீதியோரக் கொட்டிலில் போராட்டமாய் இருக்கிறார்கள் அல்லவா, அதில் ஒருவரின் மருமகன் பாரிசில் இருக்கிறானாம். அவனுக்கு இணையத்தில் பெயர் தேடுவதே வேலை. இந்தக் கழகத்தின் இணையப் பக்கத்தில் ஒரு ஆட்டக்காரர் பட்டியலைக் கண்டிருக்கிறான். மிதுசன் அரியரத்தினம், இலக்கம் பதினேழு, பிறந்த ஆண்டும் சரி. படம் இல்லை. அம்மா அதை அச்செடுத்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, தம்பியின் படத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கால் இல்லாதவர்களின் விளையாட்டு என்று சொன்னார்களாம். போனால் போகட்டும், பெரியவன் கால் இல்லாமல் இருக்கிறான்தானே என்றாராம். ஏதோ கோபத்தில்தான் சின்னவன் இத்தனை வருடமும் எங்களோடு கதைக்காமல் இருக்கிறான் என்றாராம்.

"மூண்டு நாளாய் நல்லாச் சாப்பிடுறா அண்ணை. சிரிக்கிறா. என்னைப் போய்ப் பாத்து அவனைக் காட்டச் சொன்னவ."

"நீ நம்பிக்கொண்டே வந்தனி?"

"ரெயினுக்கை இருக்கேக்கை நம்பேல்லை. இஞ்சை வந்து நிக்க, பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கள்." அவள் கையுறையால் மூக்கைத் துடைத்தாள். "அதுக்குப் பிறகுதான் நீங்கள் திரும்பினீங்கள்."

அவன் கோலின் பற்களால் பனியைச் சுரண்டினான்.

"நான் சொல்லமாட்டன்," என்றாள். "நீங்களே சொல்லுங்கோ."

கைபேசியில் அழுத்தி அவனிடம் நீட்டினாள். அங்கே பின்னேரம். நீலப் படங்குக் கூரை, பிளாஸ்ரிக் கதிரைகள், பிறகு அம்மாவின் முகம். மிகக் கிட்ட. தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்திருந்தார்.

"கண்டனியே பிள்ளை? நிக்கிறானே?"

"அம்மா, நான்."

"பெரியவனே? நீயும் அங்கையே நிக்கிறாய்?" அவர் சிரித்தார். பக்கத்திலிருந்த யாருக்கோ, அண்ணனும் தம்பியும் ஒன்றாக நிற்கிறார்கள் என்று சொன்னார். "எங்கை, அவனை ஒருக்காக் காட்டு. ஏசமாட்டன் எண்டு சொல்லு. ஒண்டும் கேக்கமாட்டன்."

"அம்மா, அந்தப் பட்டியல்..."

"ஓம், எல்லாருக்கும் காட்டினனான். நீ அவனைக் காட்டு."

"அது வந்து அம்மா..."

இடைவேளை முடிந்துவிட்டது. நடுத்திடலிலிருந்து ஜெரமி வாய்க்குக் கை குவித்து, "மிதுசன்!" என்று கூப்பிட்டான். கூரைத் தகரத்தில் பட்டு அது இரண்டு தரம் கேட்டது.

பிரசாந்தன் திரும்பினான். மூன்று வருடப் பழக்கம், கழுத்து அவனைக் கேட்கவில்லை.

மறுபடி திரையைப் பார்த்தபோது அம்மாவின் சிரிப்பு முகத்தில் இருந்தபடியே இருந்தது. கண்கள் மட்டும் அவன் முகத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து சட்டையின் கைப்பட்டியில் இருந்த பதினேழுக்கு இறங்கின.

"நீ ஏன் ராசா திரும்பினனி?"

யசோதினி எழுந்து மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அங்கே யாரோ அம்மாவிடம் என்னவென்று கேட்டார்கள். அம்மா கைபேசியை மடியிலோ கதிரையிலோ மல்லாக்க வைத்துவிட்டார். திரை முழுவதும் நீலப் படங்கு. காற்று அதை மேலே தூக்கிக் கீழே விட்டது. ஓரத்தில் பிளாஸ்ரிக் உறையின் ஒரு மூலை வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது.

ஜெரமி தள்ளிவிட்ட வட்டு மெல்ல வழுக்கி வந்து, வண்டியின் கத்தியில் முட்டி நின்றது.