ஒரே ஒரு ரிங்

1

எல்லோரும் சௌக்கியம்தானே? போன தடவை கண் அறுவை என்று எழுதியவருக்குக் கட்டு அவிழ்த்தாயிற்றா? முழங்கால்காரர்களை நான் கேட்கவே வேண்டாம், எனக்கே தெரியும்.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நாத்தனார் மகள் ஆராய்ச்சிகளுக்கு மதிப்பெண் போடுகிற வேலையில் இருக்கிறாள். வசதி குறைந்த நாடுகளில் கைப்பேசியையும் கணினியையும் கொண்டுபோய்க் கொடுத்தால் ஜனங்களுக்கு நல்லது நடக்கிறதா என்று பலபேர் ஆராய்ந்து எழுதுகிறார்கள் அல்லவா, அந்த ஆராய்ச்சி தேறுமா தேறாதா என்று பார்ப்பவள். ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே இதைச் சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க அத்தை. பேரு மட்டும் போட்டீங்கன்னா, உங்க வீட்டுப் படி ஏற மாட்டேன்."

அதனால் அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரையே வைத்துக்கொள்கிறேன். கறார்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

மழை கொட்டிக்கொண்டிருந்த மாலையில் கறார் ஜன்னலோரம் நின்று தன் கடந்தகாலத்தை

நிறுத்திவிட்டேன். அன்று மழையே இல்லை. கதை எழுத உட்கார்ந்தால் எனக்கு ஏனோ மழை வந்துவிடுகிறது.

வளர்ச்சிக்கான தொழில்நுட்ப ஆராய்ச்சியின் தரம் என்பது

இதை நானே படிக்க மாட்டேன். உங்களை எப்படிப் படிக்கச் சொல்வது?

நேராகவே வருகிறேன். கறாரின் மேஜைக்கு ஒரு கட்டுரை வந்தது. மலைக் குடியிருப்புகளில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு ஒரு தொலைபேசி எண் கொடுத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கூப்பிடலாம், செவிலி எடுத்துப் பேசுவார். கட்டுரையின் முடிவு: யாரும் அவ்வளவாகப் பேசவில்லை, எண்ணை மூடிவிடலாம்.

எழுதியவர் பெயரை மறைத்துத்தான் அனுப்புவார்கள். ஆனால் பத்திக்குப் பத்தி 'கவனிக்கத்தக்கது யாதெனில்' என்று தொடங்குகிற ஆள் கறாருக்குத் தெரிந்து ஒருவன்தான். பொட்டலம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே அறையில் குப்பை கொட்டிய கூட்டாளி. இந்தக் கட்டுரை தேறினால் அவனுக்குப் பேராசிரியர் பதவி என்று ஊரெல்லாம் பேச்சு.

(தெரிந்தவர் எழுதியது என்றால் சொல்லிவிட்டு விலக வேண்டும், விதி அப்படி. கறார் விலகவில்லை. இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கொஞ்சம் சந்தேகம் வந்தது. கேட்டேன். "நான் விலகியிருந்தா அந்த ஒரு வரியை வேற யார் நின்னு படிச்சிருப்பா?" என்றாள். சமாதானமா, சாக்கா? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.)

3

அந்த ஒரு வரி, அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருந்தது: 'ஒருமுறை ஒலித்ததும் துண்டிக்கப்பட்ட அழைப்புகள், கைதவறி அழுத்தப்பட்டவை என நீக்கப்பட்டன.'

கட்டுரையோடு இணைத்திருந்த அழைப்புப் பட்டியலைப் பார்த்தால், நீக்கியவை, வைத்துக்கொண்டவற்றைவிட அதிகம்.

கறார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாளாம். சந்தோஷச் சிரிப்பு இல்லை. அவளுக்கு அந்தப் பழைய அறை ஞாபகம் வந்துவிட்டது. டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. ரப்பர் வாசனை. காற்றைவிடச் சத்தத்தை அதிகம் போடுகிற மின்விசிறி. கீழே கம்பிக் கதவுக்கு ஒரே சாவி. முதலில் வருகிறவர் பூட்டிக்கொண்டு மேலே வந்துவிடுவார். அடுத்து வருகிறவர் கீழேயிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். சாவியைத் தாளில் சுற்றி ஜன்னல் வழியாகப் போட்டுப் போட்டுத்தான் அவனுக்குப் பொட்டலம் என்று பெயர் வந்தது.

ஒரு ரிங் என்றால் சாவி, இரண்டு என்றால் டீ வந்துவிட்டது, இறங்கி வா. ஏற்பாடு செய்தவனே அவன்தான். ஒருநாள் வெயிலில் கறாரைக் கீழே நிற்க வைத்துவிட்டு மேலேயிருந்து எட்டிப் பார்த்திருக்கிறான்.

"எத்தனை ரிங் குடுத்தே?"

"ஐயோ, ரெண்டு போயிடுச்சுப்பா. சாவியைப் போடு."

"ரெண்டுன்னா டீ. டீ எங்கே?"

"நீ கீழ வா, தர்றேன் டீ."

பொட்டலம் விழுந்தது, அவள் தலையிலேயே.

(இதை எழுதும்போது எனக்கே அந்த அறைக்கு ஒருமுறை போய்வரலாம் போலிருந்தது. இப்போது அங்கே வாசலில் விரல் வைத்தால் கதவு திறக்கிறதாம். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.)

4

கட்டுரைக்கு மதிப்பெண் கேட்ட குழுவின் தலைவர் போனில் கூப்பிட்டார்.

"என்னம்மா, இன்னும் மார்க் வரலையே? எத்தனை பேர்கிட்ட எடுத்த ஆய்வு! ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு ஊரும் இருக்கு. கணக்கு பளிச்சுனு இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

"பளிச்சுனுதான் சார் இருக்கு. ரொம்பத் துடைச்சிட்டாங்க."

"அந்த ஒரு ரிங் விஷயமா? கைதவறி அழுத்தினதும்மா."

"அதே நம்பர்லேர்ந்து, அதே காலை நேரத்துக்கு, வாரம் தவறாமக் கை தவறுமா சார்?"

"சரி, அதுக்கு என்ன அர்த்தம்ங்கிறீங்க?"

"எனக்குத் தெரியாது. எழுதினவருக்கும் தெரியாது. யாரும் அந்தப் பொண்ணுங்களைக் கேக்கலையே."

"உங்களுக்கே தெரியாததுக்கு நான் என்ன பண்ணட்டும்? நாளைக்குக் கூட்டம். எண்ணை வைக்கிறதா மூடுறதான்னு முடிவு பண்ணணும். தேறுமா, தேறாதா, ஒரே வார்த்தை."

திருத்தி எழுதச் சொல்லலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். அதற்கு அவகாசமில்லையாம்.

5

முதல் முடிவு: கறார் 'தேறாது' என்று போடுகிறாள். எண் பிழைக்கிறது. பொட்டலத்தின் பதவி போகிறது. யார் கவிழ்த்தது என்று அவன் ஆயுசு முழுக்க யோசித்துக்கொண்டு

வேண்டாம்.

இரண்டாம் முடிவு: 'தேறும்.' பொட்டலத்துக்கு மாலை போடுகிறார்கள். எங்கோ மலையில் ஒருத்தி காலையில் எண்ணை அழுத்துகிறாள், மறுமுனையில் மணியே அடிக்க

இதுவும் வேண்டாம். என்னால் எழுத முடியவில்லை.

நடந்ததை, நடந்த வரைக்கும் சொல்கிறேன். மார்க் போடுவதற்கு முன்னால் கறார் கைப்பேசியை எடுத்தாள். பழைய எண் மாறியிருக்காது என்ற நம்பிக்கை. அழுத்தினாள். ஒரு ரிங். துண்டித்துவிட்டாள். திரை மேலே தெரியும்படி மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"எழுதினவரைக் கூப்பிடறது தப்பில்லையாடி?" என்றேன்.

"நான் எங்க அத்தை பேசினேன்? ஒரே ஒரு ரிங்தானே."

அந்தப் பக்கம் அவன் திரையில் அவள் பெயர் ஒரு நொடி மின்னி அணைந்திருக்கும். ஒரு ரிங் என்றால் சாவி என்று ஞாபகம் வந்து ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தானா, யாரோ கைதவறி அழுத்திவிட்டார்கள் என்று நீக்கிவிட்டானா? நாத்தனார் மகள் எனக்குச் சொன்னாள். நான் எழுதப்போவதில்லை. அவனை நீங்கள் இவ்வளவு நேரம் பார்த்துவிட்டீர்கள், உங்களுக்கே தெரியும்.

அதற்குப் பதில் எனக்கு ஒன்று எழுதி அனுப்புங்கள். உங்கள் வீட்டில் ஒரு ரிங் என்றால் என்ன? பஸ் ஏறிவிட்டேன் என்றா, வந்து சேர்ந்துவிட்டேன் என்றா, அப்பா தூங்கிவிட்டார் என்றா? யார் கொடுத்தார்கள், யார் காத்திருந்தார்கள்? எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றைக்கூட நீக்க மாட்டேன்.