கடைசி மூன்று நிமிடம்

மூன்று நாட்களும் நான்கு மணித்தியாலங்களும் இருந்தன. புதன்கிழமை காலை பத்து இருபதுக்குப் பயிற்சியாளர் பிறையன் ஆய்வுகூடக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, பதினெட்டு ஆட்டங்களின் நேரத் தாள்களை விமலாவின் மேசையில் வைத்தார். அரையிறுதி சனிக்கிழமை பிற்பகல் இரண்டு இருபதுக்கு.

“சொந்த மைதானத்தில ஒன்பதுக்கு ஒன்பது. வெளியில ஒன்பதுக்கு இரண்டு. அதே பதினெட்டுப் பேர், அதே பந்து. சனிக்கிழமையும் வெளியிலதான் விளையாட வேணும். நீ சயன்ஸ் படிச்ச பிள்ளை, பாத்துச் சொல்லு.”

அவர் போன பிறகும் சற்று நேரம் கதவு ஆடிக்கொண்டிருந்தது. அணியில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பஸ்ஸில் மணிக்கணக்காகக் கால்களை மடக்கி இருப்பதுதான் காரணம் என்றான் ஒருவன். வெளியூர்ச் சனங்கள் வேலிக்கு அப்பால் நின்று தாயைப் பற்றிப் பேசுவதால் கவனம் சிதறுகிறது என்றான் இன்னொருவன். போகும் வழியில் நிறுத்திச் சாப்பிடும் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரிதான் எதிரி என்பது அணித் தலைவனின் முடிவு. ஆனால் அவனே இரண்டு சாப்பிடுவான்.

விமலாவுக்கு இருபத்துநான்கு வயது. கொழும்பில் பட்டம் எடுத்து, இரண்டு வருடங்களுக்கு முன் மெல்பேணில் இருந்த அக்காவிடம் வந்தவள். இந்தக் கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குக் கரைசல்கள் தயாரித்துக் கொடுப்பது அவளுடைய வேலை. நாள் முழுவதும் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சென்ற வருடம் இந்திரகுமார் வந்து கேட்டதால்தான் அவள் அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட மைதானத்துக்குப் போனாள். யாழ்ப்பாணத்துப் பையன், பொறியியல் கடைசி வருடம். அணியில் ஓரத்தில் ஓடுகிறவன். மற்றவர்கள் அவனை இந்தி என்பார்கள். “ஸ்டொப்வொச் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் ஒராள் வேணும் விமலா. நீர் வாயே திறக்கத் தேவையில்லை,” என்றான். அந்தக் கடைசி வசனம்தான் அவளைச் சம்மதிக்க வைத்தது.

“ஆம்பிளையளின்ரை விளையாட்டுக்கு மணி அடிக்கத்தானோ பிஎஸ்சி படிச்சனீ?” என்று பவளம் அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டாள். கேட்டுக்கொண்டே சாண்ட்விச்சும் கட்டிக் கொடுத்தாள்.

வேலை எளிது. ஆட்டம் நான்கு பகுதி, ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிடம். ஆள் அடிபட்டு விழுந்தாலோ பந்து வெளியே போனாலோ நடுவர் கையை உயர்த்துவார். அப்போது கடிகாரத்தை நிறுத்த வேண்டும். மறுபடி உயர்த்தினால் ஓட விட வேண்டும். இருபத்தைந்து நிரம்பியதும் பித்தளை மணியை அடிக்க வேண்டும். இரண்டு அணிகளின் நேரக்காப்பாளர்களும் ஒரே நீண்ட மர வாங்கில் அருகருகே இருப்பார்கள். ஒவ்வொரு பகுதியும் கைக்கடிகாரப்படி எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, வானிலை எப்படி என்று தாளில் எழுதுவாள் விமலா. வானிலையை யாரும் கேட்டதில்லை. ஆய்வுகூடப் பழக்கம்.

அன்று மதியம் அவள் சாப்பிடப் போகவில்லை. தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்து, கோடு போட்ட தாளில் அட்டவணை எழுதினாள். பயணத் தூரத்துக்கும் தோல்விக்கும் தொடர்பு இல்லை. மிகத் தூரமான மைதானத்தில்தான் வென்றிருந்தார்கள். மைதானத்தின் அகலமும் உதவவில்லை. வெளியூரில் தோற்ற ஏழு ஆட்டங்களில் ஆறில், மூன்றாம் பகுதி முடியும்போது கல்லூரியே முன்னால் நின்றது. பிறகு கடைசிப் பகுதிகளின் முடிவு நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழித்துப் பார்த்தாள். வெளியூரில் நிறுத்தங்களையும் சேர்த்துச் சராசரி இருபத்தொன்பது நிமிடம். சொந்த மைதானத்தில் இருபத்தாறு.

பென்சிலை வைத்துவிட்டு, எழுந்து போய்க் கைகளைக் கழுவினாள்.

சொந்த மைதானத்தில் அணி கடைசிப் பகுதியை மூன்று நிமிடம் குறைவாக விளையாடிப் பழகியிருந்தது. யாரும் நேரம் சொல்லாமலே அவர்களுடைய கால்கள் அதைக் கற்றுக்கொண்டிருந்தன. வெளியே போனால், கால்கள் முடிந்துவிட்டது என்று நினைக்கும் வேளையில் இன்னும் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. அந்த மூன்று நிமிடத்தில்தான் தோற்றார்கள். குறைத்தது அவளுடைய மணி.

ஏன் குறைந்தது என்பதும் பிடிபட்டது. சொந்த மைதானத்தில் நேரக்காப்பாளர் வாங்கு மேற்கே பார்த்தது. நான்கு மணிக்குப் பிறகு குளிர்கால வெயில் நேராகக் கண்ணில் விழும். நடுவர் கையை உயர்த்தினாரா, வியர்வை துடைத்தாரா என்று தெரியாது. பக்கத்தில் இருக்கும் எதிரணிக்காரருக்கும் அதே வெயில்தான். ஒழுங்கான, பிழையில்லாத விடை. ஒன்பது தாள்களையும் மறுபடி புரட்டி வானிலையைப் பார்த்தாள். வெயில், வெயில், வெயில். ஜூலை பதின்மூன்றாம் தேதித் தாளில் அவளுடைய சின்ன எழுத்தில் மேகமூட்டம், தூறல் என்றிருந்தது. அந்தத் தாளைக் கட்டின் அடியில் வைத்தாள்.

வியாழக்கிழமை பிறையனிடம் வெயிலைப் பற்றிச் சொன்னாள். அவர் அவளுடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவள் கையிலிருந்த கண்ணாடி முகவை ஆடியது. அன்று பின்னேரப் பயிற்சி முடிந்து எல்லாரும் குனிந்து மூச்சு வாங்கும்போது, “இன்னும் மூன்று நிமிடம்,” என்று கத்தினார். ஓடினார்கள். முடிந்ததும் மறுபடி, “இன்னும் மூன்று.” தலைவன் ஓடிக்கொண்டே வேலிப் பக்கம் திரும்பி, “சயன்ஸ், உன்னைக் கண்டாலே இனி எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்,” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். விமலாவும் சிரித்தாள். இந்த ஊரில் அவளுக்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். அது அன்றிரவு படுக்கையில்தான் அவளுக்கு உறைத்தது.

சனிக்கிழமை பஸ் நகரின் ஓரத்தில் இருந்த டண்டினொங் பக்கம் போனது. அரையிறுதி யாருக்கும் சொந்தமில்லாத மைதானத்தில். எதிரணி, ஜூலை பதின்மூன்றில் இரண்டு புள்ளிகளால் தோற்ற அதே ஆலைத் தொழிலாளர் அணி. இந்திரகுமார் வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்து, காலணியின் அடியில் காய்ந்திருந்த மண்ணைச் சாவியால் சுரண்டினான்.

“பிறையன் சொன்னவர், நீர் வெயிலைக் கண்டுபிடிச்சனீராம்.”

“ஓம்.”

“இவங்களோடை விளையாடேக்கை வெயில் இருந்ததோ? நான் கடைசியிலை விழுந்து கிடந்தனான். வாய் முழுக்கச் சேறு.”

விமலா யன்னலைப் பார்த்தாள். ஒரு தொழிற்சாலை போனது, பிறகு இன்னொன்று.

“எனக்கு ஞாபகமில்லை,” என்றாள்.

“நான் மறக்க மாட்டன்,” என்று சிரித்தான் அவன். “வீட்டுக்கும் கடிதம் போட்டனான். அண்டைக்கு வெண்டிருக்காட்டி நாங்கள் அஞ்சாம் இடம். நாலு அணிக்குத்தானே அரையிறுதியிலை இடம். இண்டைக்கு இந்த பஸ்ஸே இல்லை. நான் வீட்டிலை சோறு வடிச்சுக்கொண்டு இருந்திருப்பன்.”

சாவியால் சுரண்டும் சத்தம் தொடர்ந்து கேட்டது. பக்கத்திலிருந்த முழங்காலில் ஜூலைக் காயத்தின் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. சொன்னால் என்னென்ன போகும் என்று அவள் ஒழுங்காக எண்ணிப் பார்த்தாள். இன்றைய ஆட்டம் போகலாம். வாங்கில் அவளுடைய இடம் நிச்சயம் போகும். இவன் இப்படிப் பக்கத்தில் வந்து இருப்பதும் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது. வெயில் போதும். எட்டு ஆட்டங்களுக்கு அது உண்மையும்கூட.

மைதானத்தில் சனம் கூடியிருந்தது. நேரக்காப்பாளர் வாங்கில் ஆர்தர் ஏற்கெனவே இருந்தார். ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், எதிரணியின் கடிகாரத்தை இருபது வருடமாகப் பிடிக்கிறவர். ஜூலையிலும் அவர்தான் பக்கத்தில் இருந்தார். தேர்மொஸ் குடுவையின் மூடியில் தேநீர் ஊற்றி, கேட்காமலே அவளிடம் நீட்டினார். கல்லூரிப் பையன்கள் வெள்ளைக் கோடுகளுக்குள் இறங்கி ஓடினார்கள். இந்திரகுமார் அவர்களுடைய வாங்குக்கு நேர் எதிரே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வந்து நின்றான்.

“போன முறை மாதிரியே செய்வம், பிள்ளை,” என்றார் ஆர்தர். “என்ரை கண் இப்ப இன்னும் மோசம். நடுவரின்ரை கையை நீ பாத்துக்கொள். மணியை நான் அடிக்கிறன். உன்னை மாதிரிக் கவனமான ஆளை நான் இந்த வாங்கில காணேல்லை. வீட்டில மனிசிக்கும் சொன்னனான்.”

தன் கடிகாரத்தைக் கோட்டுப் பையில் போடப் போனார். விமலா தேநீர் மூடியை வாங்கின்மேல் வைத்தாள். கொஞ்சம் சிந்தியது.

“அதை வெளியிலேயே வையுங்கோ,” என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார். அவள் தன் கையிலிருந்த கடிகாரத்தையும் எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு கடிகாரங்களின் முகங்களும் பக்கம் பக்கமாகப் பூச்சியத்தில் நின்றன.

நடுவர் மைதானத்தின் மையத்துக்கு நடந்து போய், பந்தோடு ஒரு கையை உயரத் தூக்கி, மணிக்காக அவர்களுடைய வாங்கைப் பார்த்தபடி நின்றார். மேகம் மூடிய பகல். அந்தக் கை சாம்பல் வானத்தில் தெளிவாகத் தெரிந்தது.

“தூக்கிட்டாரோ, பிள்ளை? தெரியுதோ?” என்றார் ஆர்தர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

“தெரியுது,” என்றாள் விமலா. தொண்டையைச் செருமிக்கொண்டு, மைதானக் கோட்டுக்கு உள்ளே நிற்கும் இந்திரகுமாருக்கும் கேட்கும்படியாக, அதுவரை அந்த மைதானங்களில் யாரும் கேட்டிராத குரலில் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தாள். “ஜூலையிலும் தெரிஞ்சது. எங்கடை ஆள் விழுந்து கிடந்தார், நடுவர் கையைத் தூக்கினார், நான் கண்டனான். நாங்கள் இரண்டு புள்ளி முன்னுக்கு நிண்டம், அதாலை கடிகாரத்தை நிறுத்தேல்லை.”

இந்திரகுமார் திரும்பிப் பார்த்தான். மையத்தில் நடுவரின் கை இன்னும் உயர்ந்தே நின்றது.