சாம்பிளுக்கு ஒரு பயணம்

டெல்லி ஓட்டல் அறையில் மின்விசிறியைப் போடப் போய் வெள்ளைத்துரை அழைப்பு மணியை அழுத்திவிட்டார். வந்து நின்ற சிப்பந்தியிடம் தப்பைச் சொல்ல இந்தி தெரியாது; கௌரவமும் விடவில்லை. "காப்பி" என்றார். அன்று மதியம் ஐந்து காப்பி வந்தது. முதல் மூன்றும் தவறுதலாக. மற்ற இரண்டும், யாராவது கதவைத் தட்டட்டுமே என்று.

போடிக்குத் திரும்பியதும், இனி தனியாக வெளியூர் போவதில்லை என்று முடிவெடுத்தார். வசதியானவர்களுக்கு டிக்கெட், ஓட்டல், கார் எல்லாம் பார்த்துக் கொடுக்கும் ஏற்பாட்டாளர்கள் மதுரைப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. அடுத்தது காஷ்மீர். போடிமெட்டுக்கு மேலே எண்பது ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது, மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடம், பிள்ளை இல்லை. பனியைப் பார்த்து அவர் "அடேயப்பா" என்றால் "ஆமா" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். தேவை அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஏலக்காய் வியாபாரி சாம்பிள் பார்க்காமல் எதையும் எடுப்பதில்லை. உள்ளங்கையில் கொட்டி உருட்டி, ஒன்றை உடைத்து வாயில் போட்ட பிறகுதான் பேச்சு. வெள்ளைத்துரை இந்தப் பயணத்தையும் அப்படித்தான் எடுக்க நினைத்தார். 'ஒரு நாள் எங்காவது கூட்டிப்போய்க் காட்டுங்கள். பிடித்தால் காஷ்மீர்' என்று மூன்று இடத்துக்குக் கடிதம் போட்டார்.

ஜீப் ஓட்டும் மொக்கச்சாமி சிரித்தான். "ஆளயும் ஒடச்சு வாயில போட்டுப் பாப்பீகளா மொதலாளி?"

"நீ வர்றியாடா காஷ்மீருக்கு?"

"இந்த மலைய ஏறி எறங்கவே நமக்குச் சரியா இருக்கு. இதுல பனி வேறயா?"

விளையாட்டுக்குக் கேட்டதுபோல் வெள்ளைத்துரையும் சிரித்துவைத்தார்.

முதலில் வந்த ராஜாராம் டை கட்டியிருந்தார். கொடைக்கானலில் பெரிய ஓட்டல், சன்னலோர மேசை, ரோஜாப்பூ, ஒரே ஒரு நாற்காலி.

"உங்களுக்குத் தொந்தரவே இருக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சது சார். சாப்பிடுங்க, நான் வெளியில நிக்கிறேன்."

"தம்பி, காஷ்மீர்ல கூட யாரு இருப்பா?"

"எல்லா வசதியும் இருக்கும் சார்."

"வசதி சரி. கூட?"

"ரூம்லயே போன் இருக்கும் சார்."

அந்தப் போனில் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தபடியே வெள்ளைத்துரை சூப்பை ஆறவிட்டார்.

இரண்டாவது ஆள் கன்னியாகுமரியில் அஸ்தமனம் காட்டினார். அதே கேள்விக்கு, தன் முப்பது வருட அனுபவத்தைச் சொன்னார். "சாம்பிள்லயே மூட்டை காலியாயிரும் போலயே" என்றான் மொக்கச்சாமி.

மூன்றாவது, தேனியில் ஒற்றை அறையில் அலுவலகம் வைத்திருந்த சந்திரவல்லி. சாம்பிளெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டு, நோட்டோடு தோட்டத்துக்கே ஜீப்பேறி வந்தாள். உப்பு குறைச்சலா, என்ன மாத்திரை, மாடி ஏறுவீர்களா என்று வரிசையாகக் கேட்டு எழுதினாள்.

"எத்தன பேரு அய்யா?"

"நான் ஒருத்தன்தான்."

பேனா சற்று நின்றது. வெள்ளைத்துரை காய்ப்புக் குறைந்துபோன ஓர் ஏலச்செடியைப் பார்த்தபடி கேட்டார்.

"அங்க கூட யாரு இருப்பா ஆத்தா?"

சந்திரவல்லி நோட்டை மூடினாள்.

"யாரும் இருக்க மாட்டாக அய்யா. நான் டிக்கெட் எடுப்பேன், ரூம் போடுவேன், கம்பளி கொண்டாரச் சொல்லுவேன். எதிர்ல உக்காந்து பேச என்கிட்ட ஆள் இல்ல. அதுக்கு நீங்கதான் யாரையாச்சும் வாய்விட்டுக் கூப்பிடணும்."