முதல் சஹனில் என் இடம்

எனக்கு வாதம் வந்து வலது கை சோர்ந்துபோனதைப் பற்றி நிந்தவூரில் என்னென்னவோ பேசியிருப்பார்கள். என் முன்னால் ஒருவரும் பேசவில்லை. நான் இடம் கொடுக்கவில்லை. கையைச் சால்வையால் மூடிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய் வந்தேன். விருந்துகளுக்கு மட்டும் போகவில்லை.

1981இல், வேளாண்மை வெட்டு முடிந்ததும், மவுத்தாகிவிட்ட என் தம்பியின் மகள் றாஹிலாவுக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை சம்மாந்துறை. தகப்பனின் இடத்தில் நான்தான் முதல் சஹனில் அமர வேண்டும். பாயில் சுற்றியிருந்து எல்லோரும் ஒரே தாலத்தில் உண்ணும் இடம் அது. நான் அமராவிட்டால் எனக்குப் பிரியமில்லாத கலியாணம் என்று சம்மந்திமார் நினைப்பார்கள். அமர்ந்தால், கை நடுங்கி, நான் பிடிக்கும் சோறு மற்றவர் பக்கம் சிந்தும். இடது கையால் உண்பதோ, கரண்டி கேட்பதோ எங்கள் குடும்பத்தில் நடக்கிற காரியமல்ல.

டொக்டர் என்னைக் கல்முனையில் தொழில்வழிச் சிகிச்சை கொடுக்கும் தங்கேஸ்வரியிடம் அனுப்பினார். காரைதீவுப் பிள்ளை; வயல் சொந்தக்காரரை எங்கள் பக்கத்தில் அழைக்கிறபடி என்னைப் போடியார் என்றே அழைத்தாள். என் மனைவி ஸகியாவும் கூட வந்தாள்.

“போடியார், கை உங்கட. அதால என்ன ஏலும், என்ன ஏலாதெண்டு நீங்கதான் சொல்லணும். பத்துக்குப் புள்ளி போடுங்க. சட்டைப் பொத்தான் பூட்ட?”

“பத்து.”

அன்று காலை பொத்தான் பூட்டிவிட்ட ஸகியா முகட்டைப் பார்த்தாள்.

“கையெழுத்து வைக்க?”

“பத்து.”

“சாப்பிட?”

“பத்து.”

“சந்தோசம். அப்ப நான் என்னத்தப் பழக்கிற? வாற கிழமை வரத் தேவையில்ல” என்றவள் அடுத்த ஆளைக் கூப்பிட எழுந்தாள். அவள் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

வாசலில் ஸகியா பிடித்துக்கொண்டாள். “இஞ்சாருங்க, கலியாணத்தண்டும் பத்துத்தானா?”

“வாய மூடு.”

“நான் மூடுறன். சஹனச் சுத்தி இரிக்கிற ஆக்கள் கண்ண மூடுவாங்களா?”

நான் திரும்பிப் போனேன். “பிள்ள, சாப்பாட்டுக்குச் சைபர்” என்று சொல்லி, கலியாணக் கதையையும் சொன்னேன்.

தங்கேஸ்வரி உடனே ஒரு பாயை விரித்தாள். “எப்பிடி இரிப்பீங்க? செய்து காட்டுங்க.”

சம்மணமிட்டேன். வேறு எப்படியும் இருப்பார்களா என்று கேட்டாள். வலது முழங்காலைக் குத்திவைத்தும் இருப்போம் என்று இருந்து காட்டினேன். அவள் என் முழங்கையைத் தூக்கி அந்த முழங்காலில் சாய்த்துவைத்தாள். நடுக்கம் பாதியாகக் குறைந்தது.

“சஹன்ல உங்கட வேலை என்னென்ன?”

“சோத்தப் பிடிச்சு உண்ணுற. பொரிச்ச கோழியக் கிள்ளிப் பங்கு வைக்கிற. அது மூத்த ஆள்ட வேலை.”

“நாள் காணாது போடியார். எது இல்லாம உங்களுக்கு ஏலவே ஏலாது?”

யோசித்தேன். கோழி கிள்ளுவதைச் சம்மந்தியிடம் விட்டால் அது அவருக்குச் செய்யும் மரியாதை. பக்கத்தவரின் பங்கில் என் கைப் பருக்கை விழுவதைத்தான் என்னால் தாங்க முடியாது. அதைச் சொன்னேன். அதையே குறியாக வைத்துப் பழகினோம். சிறு பிடியாகப் பிடிப்பது, தாலத்தின் பக்கம் குனிந்துகொள்வது. அவள் கேட்கும்போதெல்லாம் நானே புள்ளி போட்டேன். போன கிழமை போட்டதைச் சில நாள் நானே குறைத்தேன். முந்திய இரவு கை நடுங்கியிருக்கும்.

கலியாணத்தன்று மாப்பிள்ளையின் மூத்த மாமா முத்தலிப் எனக்கெதிரே அமர்ந்தார். நான் முழங்காலைக் குத்திவைத்துக்கொண்டு, “சம்மந்தி, கோழி உங்கட கையாலதான்” என்றேன்.

“காக்கா இரிக்கக்குள்ள நானா?” என்றார், என்னைத் தமையன் முறை வைத்து.

“மாப்பிள்ள வீட்டுக் கை படட்டும்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்த வேகத்தில் கோழியை இழுத்ததில் அதன் கால் ஒன்று துள்ளிப்போய் மாப்பிள்ளையின் மடியில் விழுந்தது.

“மாமா, எனக்குப் பங்கு போதும்!” என்றான் மாப்பிள்ளை. பந்தலே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குள் பிஸ்மி சொல்லி முதல் பிடியை எடுத்தேன். வாய்க்கு வந்து சேர்ந்தது. இரண்டொரு பருக்கை சிந்தியது, என் பக்கத்தில்தான். அடுத்த பிடி. அதற்கடுத்ததும். ஒருவரும் என் கையைப் பார்க்கவில்லை.

முத்தலிப் தன் பக்கச் சோற்றில் கொஞ்சம் என் பக்கம் தள்ளி, “உண்ணுங்க காக்கா, கூச்சப்படாம” என்றார்.

காலையிலிருந்து பயத்தில் ஒன்றும் உண்ணாமல் வந்திருந்தேன். நல்ல பசி. அவர் தள்ளியதையும் உண்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.